எந்த ஓவியரைப் பின்பற்றுவது: மலையகத்தில் எண்ணெய் வண்ணம் கற்பவருக்கு ஓர் ஒப்பீடு

பள்ளியில் சித்திரப் பாடம் படித்து, நீர்வண்ணத்திலும் போஸ்டர் வண்ணத்திலும் ஓரளவு கை பழகிய ஒருவர் எண்ணெய் வண்ணத்துக்கு மாற விரும்பினால், மேசைமேல் வைத்த பொருட்களைத் தீட்டும் அசையாப்பொருள் ஓவியமே அவருக்கு ஏற்ற தொடக்கம். கேத்தலும் கோப்பையும் வைத்த இடத்திலேயே இருக்கும். மாலையில் நிறுத்திய வேலையை மறுநாள் காலையில் அதே நிலையிலிருந்து தொடரலாம். அடுத்து எழும் கேள்வி, யாருடைய கையைப் பார்த்துக் கற்பது என்பது. தாம் போற்றும் ஓர் ஓவியரின் பாணியைப் பின்பற்றினால் தம் தனித்தன்மை கெட்டுவிடும் என்று அஞ்சுவோர் பலர். அந்த அச்சத்துக்கு இடமில்லை என்பது என் உறுதியான கருத்து. பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸ் மாணவராக இருந்தபோது, 1893 இல், பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் டச்சு ஓவியர் டி ஹேமின் உணவு மேசை ஓவியம் ஒன்றைப் பிரதி செய்தார்; 1915 இல் அதே ஓவியத்தை மீண்டும் எடுத்து முழுக்கத் தமது மொழியில் தீட்டினார். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு, பின்பற்றிக் கற்றவர் எவ்வளவு தூரம் விலகிச் செல்ல முடியும் என்பது விளங்கும்.

ஆகவே எஞ்சியிருப்பவை இரண்டு தெரிவுகள்: எவரைப் பின்பற்றுவது, எவ்வாறு பின்பற்றுவது. முதலாவதற்குப் பொதுவாகக் கிடைக்கும் விடை, மனத்துக்கு மிகப் பிடித்தவரை என்பதாகும். அது பாதி விடைதான். ஓர் ஓவியரின் படம் நம்மை ஈர்ப்பதற்கும், அவருடைய வேலைமுறை நம் அறையில் நடைபெறக்கூடியதாக இருப்பதற்கும் நேரடித் தொடர்பில்லை. இலங்கை மலையகத்தின் அட்டனிலோ நுவரெலியாவிலோ பண்டாரவளையிலோ வாழ்ந்துகொண்டு, ஒரு சிறிய அறையில், வேலை முடிந்து வந்த நேரத்தில் கற்பவர், தம் அறையில் விழும் ஒளி எந்த ஓவியரின் ஒளிக்கு நெருக்கமாக உள்ளதோ அவரையே முதலில் பின்பற்ற வேண்டும். அசையாப்பொருள் ஓவியத்தில் கற்க வேண்டியதன் பெரும்பகுதி ஒளிதான். கண்முன் இருக்கும் ஒளி ஒன்றாகவும் பின்பற்றும் படத்தின் ஒளி வேறாகவும் இருந்தால், கற்பவர் பார்ப்பதை விட்டுவிட்டு ஊகிக்கத் தொடங்கிவிடுவார்.

ஒளியைப் பற்றி ஐரோப்பிய நூல்கள் கூறும் முதல் விதி, வடக்கு ஜன்னலைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது. அங்கே சூரியன் ஆண்டு முழுவதும் தெற்குப் பக்கமாகவே உச்சிக்கு ஏறுவதால், பகலின் பெரும்பகுதியில் வடக்கு ஜன்னலில் நேர்வெயில் படுவதில்லை. மலையகமோ ஏறத்தாழ வடக்கு 7 பாகை அகலக்கோட்டில் உள்ளது. ஏப்ரல் முற்பகுதியிலிருந்து செப்டம்பர் முற்பகுதி வரை நமது நண்பகற் சூரியன் தலைக்கு வடக்கே செல்கிறது; அம்மாதங்களில் காலையிலும் மாலையிலும் சாய்ந்த வெயில் வடக்கு ஜன்னல் வழியாகவே உள்ளே வரும். ஆகவே இங்கே அந்த விதியை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்: அக்டோபரிலிருந்து மார்ச் வரை வடக்கு ஜன்னல், ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை தெற்கு ஜன்னல். ஒரே ஜன்னல்தான் உண்டு என்றால், அதன்மேல் மெல்லிய வெள்ளைத் துணியைத் தொங்கவிடுவது போதும். மேற்குச் சரிவில் இருப்பவர்களுக்கு மூடுபனியே அந்தத் துணியின் வேலையைப் பல நாட்களில் செய்துவிடுகிறது. கூர்மையான நிழலை விழவிடாமல், நிறங்களைச் சற்றே சாம்பலாக்கி, எல்லாப் பக்கமும் பரவி நிற்கும் அந்த வெளிச்சத்தை நான் மிகவும் மதிக்கிறேன். பயிலும் கண்ணுக்கு அது ஒரு கொடை.

அறையும் ஒளியை மாற்றுகிறது. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறையான பழைய லயக் காம்பராவில் ஒரு கதவும் ஒரு சிறிய ஜன்னலும்தான் இருக்கும். அடுப்புப் புகை ஏறிய சுவர் இருண்டிருக்கும். பொருட்கள்மேல் ஒரே பக்கத்திலிருந்து வெளிச்சம் விழும். வெள்ளையடித்த சுவருள்ள தனிவீட்டிலோ ஆசிரியர் விடுதியிலோ ஒளி சுவரிற் பட்டுத் திரும்பி வந்து நிழலையும் வெளிறச் செய்துவிடும். இவ்விரண்டு அறைகளுக்கும் ஒரே ஓவியர் பொருந்த மாட்டார்.

இப்போது ஓவியர்களைப் பார்ப்போம். எண்ணெய் வண்ண அசையாப்பொருள் ஓவியம் என்றவுடன் பலர் மனத்தில் தோன்றுவது 17 ஆம் நூற்றாண்டு டச்சு மேசைகள்: வெள்ளிக் கிண்ணம், பாதி தோலுரித்த எலுமிச்சை, கண்ணாடிக் கோப்பையில் தெரியும் ஜன்னலின் பிரதிபலிப்பு. ஹார்லெம் நகரில் வாழ்ந்து 1660 அளவில் மறைந்த பீட்டர் கிளாஸ் இவ்வகையில் மிகச் சிறந்தவர்களில் ஒருவர். பழுப்பும் சாம்பலும் பச்சையும் கலந்த மிகச் சில நிறங்களுக்குள் முழு மேசையையும் அவர் கட்டியெழுப்பியிருக்கிறார். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்தில் உள்ள, வான்கோழிப் பை (மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பண்டம்) நடுவில் நிற்கும் 1627 ஆம் ஆண்டு ஓவியத்தைப் பெரிய அளவில் இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். ஆயினும் தொடக்கத்திலேயே இவரைப் பின்பற்ற வேண்டாம் என்றுதான் சொல்வேன். இம்முறை படிப்படியான அடுக்குகளால் ஆனது. அடிநிறம் காய்ந்தபின் அடுத்தது, அது காய்ந்தபின் அதன்மேல் மெல்லிய ஒளிபுகு பூச்சு என்று போகும். எண்ணெய் வண்ணம் நீர் ஆவியாவதால் காய்வதில்லை. எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்து இறுகுவதாலேயே காய்கிறது. குளிரும் ஈரமும் அதைத் தாமதப்படுத்தும். கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில், ஜூன் மாத மழையில், ஒரு படத்தின் அடுத்த அடுக்குக்காகக் காத்திருக்கும் புதியவர் பொறுமையிழந்து ஈரத்தின்மேலேயே பூசிவிடுவார், நிறம் சேறாகிவிடும். தவிர, அந்த மெல்லிய பூச்சுகளுக்குக் கரைப்பானும் கூடுதலாகத் தேவைப்படும். பிள்ளைகள் உறங்கும் அறையில் டர்பண்டைன் ஆவி நிற்கக் கூடாது.

பிரெஞ்சு ஓவியர் போல் செஸான் வேறு வகைச் சவால். 1839 முதல் 1906 வரை வாழ்ந்த அவருடைய அப்பிள்களைப் பார்த்த எவருக்கும் தூரிகையைக் கையில் எடுக்கத் தோன்றும். சிக்காகோ கலை நிறுவனத்தில் உள்ள, 1893 அளவில் தீட்டப்பட்ட அப்பிள் கூடை ஓவியத்தில் மேசையின் முன்விளிம்பு ஒரு பக்கத்திலும் மறுபக்கத்திலும் ஒரே கோட்டில் சந்திப்பதில்லை. போத்தல் சாய்ந்து நிற்கிறது. ஆனாலும் எல்லாம் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு உறுதியாக நிற்கின்றன. அந்த உறுதி எங்கிருந்து வருகிறது என்று புரியாமல் சாய்வையும் சதுரச் சதுரமான தூரிகைத் தடங்களையும் மட்டும் எடுத்துக்கொள்வதுதான் அவரைப் பின்பற்றுவோருக்கு நேரும் பெரிய ஆபத்து. அவர் மிக மெதுவாக வேலை செய்தவர். பழங்கள் அழுகிப்போகும் அளவுக்கு நாட்களை எடுத்துக்கொண்டவர். பூக்கள் வாடிவிடுவதால் கடதாசிப் பூக்களை வைத்துத் தீட்டியவர். ஒரு நிறத்துக்கு அருகில் வைக்கும் அடுத்த நிறத்தை எடைபோட்டுப் பார்க்கும் பழக்கம் கண்ணுக்கு வந்தபின்னரே அந்த நிதானம் பயன் தரும். அவரைப் பின்னுக்கு ஒத்திவைப்பது அவரைக் குறைத்து மதிப்பதாகாது.

ஷார்தனிடம் வரும்போது நின்று பேச வேண்டியிருக்கிறது. 1699 இல் பாரிஸில் பிறந்து 1779 இல் மறைந்த ழான் சிமியோன் ஷார்தன், திருக்கை மீனைத் தொங்கவிட்ட பெரிய ஓவியம் ஒன்றைக் காட்டி 1728 இல் அரச கலைக் கழகத்தில் இடம்பெற்றார். ஆனால் நமக்குப் பயன்படுபவை அவருடைய சிறிய படங்களே. 1761 அளவில் தீட்டிய ஒன்றில் ஒரு கிளாஸ் தண்ணீர், கரிபிடித்த ஒரு கோப்பிப் பாத்திரம், சில வெள்ளைப்பூடுகள் ஆகியவை மட்டுமே உள்ளன. இப்போது அது பிட்ஸ்பர்க்கின் கார்னெகி கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்த மூன்று பொருட்களும் இல்லாத தோட்ட வீடு எதுவுமில்லை. கோப்பிப் பாத்திரத்தின் இடத்தில் அடுப்பில் கறுத்த நம் கேத்தலை வைத்தால், இருண்ட சுவரும் ஒற்றைப் பக்க வெளிச்சமும் ஏற்கெனவே தயாராக உள்ளன. லயக் காம்பராவில் கற்பவருக்கு ஷார்தனைவிடப் பொருத்தமான ஆசிரியர் எவரையும் எனக்குத் தெரியாது. வறிய வீட்டுப் பாத்திரத்துக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த ஓவியர்கள் மிகச் சிலரே என்பதும் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அவரிடம் உள்ள சிரமம், முறை மறைந்திருப்பது. அவருடைய காலத்து எழுத்தாளரான திதரோ 1763 ஆம் ஆண்டுக் கண்காட்சியைப் பற்றி எழுதும்போது, அருகிற் சென்றால் எல்லாம் கலங்கித் தட்டையாகிவிடுவதையும், விலகி நின்றால் பொருட்கள் மீண்டும் உருக்கொள்வதையும் வியந்து குறிப்பிட்டார். பக்கத்திலிருந்து பார்த்தவருக்கே புலப்படாத மேற்பரப்பை கைத்தொலைபேசித் திரையில் கண்டுபிடித்துவிட முடியாது. ஆகவே அவருடைய பூச்சைப் போலிசெய்ய முயல்வது வீண். அவரிடமிருந்து எடுக்க வேண்டியது வேறு: எந்த விளிம்பு தெளிவாக நிற்கிறது, எந்த விளிம்பு பின்னணிக்குள் கரைந்துபோகிறது, படம் முழுவதிலும் மிகவும் வெளிச்சமான புள்ளி எத்தனை இடங்களில் வருகிறது என்பன. எண்ணிப் பார்த்தால் வியப்பூட்டும் அளவுக்கு அவை குறைவாகவே இருக்கும். புதியவர்களின் படத்திலோ ஒவ்வொரு பொருளும் தனக்கென ஒரு வெள்ளைப் புள்ளி கேட்டு நிற்கும்.

வெள்ளைச் சுவருள்ள அறையும் மூடுபனி ஒளியும் வாய்த்தவருக்கு நான் பரிந்துரைப்பவர் ஜோர்ஜியோ மொராண்டி. 1890 முதல் 1964 வரை வாழ்ந்த இவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இத்தாலியின் போலோஞ்ஞா நகரில் தம் சகோதரிகளோடு ஒரே வீட்டில் கழித்தார். 1930 முதல் 1956 வரை அந்நகரக் கலைக்கழகத்தில் செதுக்கச்சுக் கலை கற்பித்தார். உறங்கும் அறையே ஓவிய அறை. வெறும் போத்தல்கள், தகரப் பேணிகள், கூசாக்கள், பெட்டிகள் இவற்றையே திரும்பத் திரும்ப இடம்மாற்றி அடுக்கித் தீட்டினார். சில போத்தல்களின் மேல் பளபளப்பில்லாத வண்ணத்தைப் பூசி, அவற்றின் பிரதிபலிப்பை அடக்கினார். பொருட்களின்மேல் தூசி படியவும் விட்டார். இந்த ஒரு செயல் கற்பவருக்குப் பெரும் விடுதலை. கண்ணாடியின் மினுக்கத்தில் சிக்கித் தவிக்கும் புதியவர், வீட்டிலுள்ள இரண்டு போத்தல்களுக்கும் ஒரு பால்மாப் பேணிக்கும் மீதமிருக்கும் வெள்ளைச் சுவர் எமல்ஷனைப் பூசிக் காயவைத்தால், உருளையும் நிழலும் மட்டும் எஞ்சியிருக்கும். பூசிய பொருட்களை வைத்து வேலை செய்யத் தொடங்கும்போதுதான், வெள்ளை என்று நாம் நினைத்த நிறத்துக்குள் எத்தனை சாம்பல்கள் உள்ளன என்பது தெரியவரும்.

மொராண்டி எளிதானவர் என்று எண்ணிவிடக் கூடாது. அவருடைய படங்களில் அடுத்தடுத்த இரண்டு நிறங்களின் வெளிச்ச அளவு மிக நெருக்கமாக இருக்கும். சற்றே பிசகினாலும் ஒரு போத்தல் மற்றொன்றின் முன்னே தாவி நிற்கும். ஆனால் இந்தக் கடினம் கற்பவருக்கு நன்மை செய்யும் வகையைச் சேர்ந்தது, ஏனெனில் பிழை உடனே கண்ணுக்குத் தெரியும், தெரிந்தவுடன் ஈரத்திலேயே திருத்தலாம். படங்கள் சிறியவை, அடுக்குகள் குறைவு, பல படங்கள் நேரடியாகத் தீட்டிய தோற்றம் கொண்டவை. தைத்தேனியம் வெள்ளை, மஞ்சட் காவி, பழுப்பு அம்பர், சுட்ட சியன்னா, அல்ட்ராமரின் நீலம் என்ற ஐந்து டியூப்களோடு ஓராண்டு வேலை செய்யலாம். கண்டிக்கோ கொழும்புக்கோ போய் வண்ணம் வாங்க வேண்டியவருக்கு இது சிறிய விடயமல்ல.

எவ்வாறு பின்பற்றுவது என்ற இரண்டாம் தெரிவு, ஓவியரைப் பொறுத்தே மாறுகிறது. படத்தைப் பார்த்து அப்படியே பிரதி செய்வது ஒரு வழி. அவருடைய முறையில் நம் பொருட்களை நேரே பார்த்துத் தீட்டுவது மற்றொரு வழி. பிரதி செய்யும்போது, முப்பரிமாணத்தைத் தட்டையாக்கும் கடினமான வேலையை அந்த ஓவியர் நமக்காக ஏற்கெனவே செய்து முடித்துவிட்டார். இதனால் வண்ணம் கலப்பதிலும் தூரிகையைப் பிடிப்பதிலும் முழுக் கவனத்தைச் செலுத்த முடிகிறது. ஆனால் பார்க்கும் பயிற்சி கிடைப்பதில்லை. தொடர்ந்து பிரதிமட்டுமே செய்தவர், உண்மையான கேத்தலுக்கு முன் அமரும்போது திகைத்துப்போவதற்குக் காரணம் இதுவே. ஷார்தனை ஒரு முறை, அதுவும் முழுப் படமாக அல்லாமல் ஒரு பாத்திரத்தை மட்டும், உள்ளங்கையளவுப் பலகையில் பிரதி செய்துவிட்டு உடனே நம் பாத்திரத்துக்குப் போய்விடுவது நல்லது. மொராண்டியைப் பிரதி செய்யவே வேண்டாம். அவருடைய சாம்பல்கள் அச்சில் ஒரு விதமாகவும் திரையில் வேறு விதமாகவும் தெரிகின்றன. தவறான நிறத்தைச் சரியாகப் பிரதி செய்வதில் பயனில்லை. பொருட்களை அடுக்கும் விதத்தையும், ஒரே அடுக்கைச் சற்று மாற்றி மீண்டும் தீட்டும் பிடிவாதத்தையும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டால் போதும்.

மூல ஓவியங்களைக் காண முடியாத இடத்தில் இருக்கிறோமே என்று மனந்தளர வேண்டியதில்லை. மொராண்டியே தம் இளமையில் செஸானை முதலில் அறிந்தது நூல்களில் வந்த கறுப்பு வெள்ளைப் படங்கள் வழியாகத்தான். அதிலிருந்து ஒரு நடைமுறையை நாமும் எடுத்துக்கொள்ளலாம்: திரையில் உள்ள படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்ப்பது. நிறம் ஏமாற்றும், ஆனால் எது இருண்டது, எது வெளிர்ந்தது என்ற வரிசை பெரும்பாலும் ஏமாற்றாது. அந்த வரிசையை அம்பர் ஒன்றை மட்டும் கொண்டு பலகையில் இட்டுப் பழகுவது, வண்ணத்துக்குப் போகும் முன் செய்ய வேண்டிய மிகப் பயனுள்ள பயிற்சி. அம்பரில் மங்கனீசு இருப்பதால் அது விரைவாகக் காயும் என்பது ஈரமான ஊரில் கூடுதல் அனுகூலம். அத்தோடு, தூரிகைத் தடம் எவ்வளவு பெரியது, பெரிய படத்தின் முன் கண் எப்படி நகர்கிறது என்பதை உணர, எந்தப் பாணியானாலும் ஒரு மூல ஓவியத்தின் முன் நின்று பார்த்துவிட வேண்டும். கண்டி திரித்துவக் கல்லூரித் தேவாலயத்தில் இலங்கை ஓவியர் டேவிட் பெயின்டர் தீட்டிய சுவரோவியங்கள் உள்ளன; 1943 இல் உருவான நவீன ஓவியர் குழுவான '43 குழுவினரின் ஓவியங்கள் கொழும்பில் சபுமல் மன்றத்தில் உள்ளன. அவை அசையாப்பொருள் ஓவியத்துக்காகப் பார்க்க வேண்டியவை அல்ல, வண்ணம் ஒரு பரப்பில் எப்படி உயிர் கொள்கிறது என்பதற்காக.

ஆசிரியரிடம் கற்பதா, தனியே கற்பதா என்பதில் நீண்ட விவாதம் தேவையில்லை. எண்ணெய் வண்ணத்தில் வேலை செய்யும் ஒருவர் அருகில் இருந்தால், மாதம் ஒரு முறையேனும் படத்தைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அவருடைய பாணி நமக்குப் பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை. பிழையைக் காணும் கண் பாணியைச் சார்ந்ததல்ல.

பருவத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை அட்டன், மஸ்கெலியா பக்கத்தை நனைக்கும் அதே காலத்தில், மலைக்கு அப்பால் ஊவாவில் வறண்ட காற்று வீசுகிறது. ஊவாத் தேயிலை ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை தரமேறுவதும், அட்டன் பக்கத்து டிம்புள்ளைத் தேயிலை ஜனவரியிலிருந்து மார்ச் வரை தரமேறுவதும் அந்தந்தப் பக்கத்தின் வறட்சியால்தான். எண்ணெய் வண்ணமும் அந்த மாதங்களில்தான் நன்றாகக் காயும். தடித்த வெள்ளையை நம்பிய படத்தையும், ஒன்றுக்கு மேற்பட்ட அடுக்கு தேவைப்படும் படத்தையும் அவரவர் பக்கத்து வறண்ட மாதங்களுக்கு வைத்துக்கொண்டு, மழைக்காலத்தில் அம்பர்ப் பயிற்சிகளையும் ஒரே அமர்வில் முடியும் சிறு படங்களையும் செய்வது சிறந்தது. ஈரக் காலத்தில் கன்வஸைச் சுவரோடு ஒட்டிச் சாத்தி வைத்தால் பின்புறம் பூஞ்சணம் பிடிக்கும். இடைவெளி விட வேண்டும். தூரிகையைச் சமையல் எண்ணெயில் அலசிச் சவர்க்காரத்தால் நன்கு கழுவினால் டர்பண்டைனைப் பெரிதும் தவிர்க்கலாம்; ஆனால் தேங்காய் எண்ணெய் காயாத எண்ணெய் ஆதலால் அதில் ஒரு துளியும் தூரிகையில் தங்கக் கூடாது. ஹார்ட்வெயார் கடையில் மரத்துக்குப் பூச விற்கும் காய்ச்சிய லின்சீட் எண்ணெயை ஓவியத்துக்குப் பயன்படுத்தினால் படம் மஞ்சளாகிவிடும். லின்சீட் எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். விறகடுப்பும் நெருங்கிய கூரையும் உள்ள லயத்தில் இதை எவரும் அலட்சியம் செய்யலாகாது. வேலை முடிந்ததும் துணியைத் தண்ணீரில் அமிழ்த்திவிட வேண்டும், அல்லது வெளியே விரித்துக் காயவிட வேண்டும்.

பிரதி செய்த படத்தின் பின்புறம் எவருடைய ஓவியத்தைப் பார்த்துச் செய்தது என்று எழுதிவைப்பது நேர்மை. லூவரில் பிரதி செய்பவர்கள் மூலத்தின் அதே அளவில் தீட்ட அனுமதிக்கப்படுவதில்லை. நாமும் அளவை மாற்றிக்கொள்வது நல்ல வழக்கம். இலங்கைச் சட்டப்படி பதிப்புரிமை ஆக்கியவர் மறைந்து 70 ஆண்டுகள் வரை நீடிப்பதால், மொராண்டியின் படத்தைப் பிரதி செய்து விற்பது ஷார்தனைப் பிரதி செய்து விற்பதற்கு ஒப்பாகாது.

செஸான்மீதே உள்ளம் தங்கியவர் இதையெல்லாம் படித்து மனம் வாடக்கூடும். அவருக்கு நான் சொல்வது, மொராண்டி வழியாகவே செஸானிடம் போகலாம் என்பது, ஏனெனில் மொராண்டி ஆழ்ந்து கற்றது செஸானிடமும் ஷார்தனிடமும்தான். எமல்ஷன் பூசிய போத்தல்களுக்கிடையில் ஒரு பீட்ரூட்டை வைத்துத் தீட்டிப் பாருங்கள். அடுத்த படத்தில் இரண்டு கரட்டுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் குளிரில் அவை பல நாட்கள் வாடாமல் இருக்கும், அதனால் அவசரப்பட வேண்டியதில்லை. சாம்பல்களுக்கு நடுவே அந்தச் சிவப்பு எவ்வளவு தூரம் முன்னே வருகிறது, அருகிலுள்ள சாம்பலைச் சற்றுப் பச்சையாக்கினால் அது எப்படி மாறுகிறது என்பதைக் கண்ணால் அளந்து சொல்ல முடியும் நிலை வந்ததும், போத்தல்களை எடுத்து வைத்துவிட்டுப் பழங்களுக்குப் போகலாம்.